எலுமிச்சைப் பிராணிகள் மூன்று

1 ஜூலை 2025, செவ்வாய்

கிள்ளானில் ரயில் ஏறும்போதே இன்று உட்கார இடம் கிடைத்தது. ஷா ஆலம் வரை படித்தேன். பிறகு தூங்கிவிட்டேன். கேஎல் சென்ட்ரலில் பக்கத்திலிருந்த மலாய்ப் பெண் தோளைத் தொட்டு எழுப்பினாள்.

பாலர் பள்ளியில் புதுப் பாடம் தொடங்கினேன். விலங்குகளும் செடிகளும் தாங்கள் இருக்கும் இடத்துக்கு ஏற்ப எப்படித் தம்மை அமைத்துக்கொள்கின்றன என்பது. ஒட்டகம், பனிக்கரடி, கள்ளிச்செடி. பளபளப்பான படங்கள். பன்னிரண்டு பிள்ளைகளும் வரிசையாகக் கொட்டாவி விட்டார்கள்.

குகன் மட்டும் கேட்டான், "டீச்சர், ஒட்டகம் எங்க இருக்கு?"

"பாலைவனத்துல."

"அது பூச்சோங் பக்கமா?"

அவன் மாமா வீடு பூச்சோங்கில். அவனுக்குத் தெரிந்த மிகத் தூரமான இடம் அதுதான். சிரித்துவிட்டேன். திரும்பி வரும் ரயிலில் சிரிப்பு போய்விட்டது. ஆறு வயதுப் பிள்ளையிடம் நான் ஏன் பனிக்கரடியிலிருந்து தொடங்குகிறேன்? எனக்கும் தம்பி பிரவினுக்கும் இதையெல்லாம் யார் படம் காட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள்?

2 ஜூலை, புதன்

கரடி வேண்டாம். பல்லி, நத்தை, மைனா, தொட்டாற்சுருங்கி. பள்ளி இருக்கும் பிரிக்பீல்ட்ஸில் நடந்து போகும் தூரத்தில் இருப்பவை மட்டும்.

3 ஜூலை, வியாழன்

பள்ளி முடிந்ததும் தொட்டாற்சுருங்கி தேடிப் போனேன். கால்கள் தானாகவே பழைய வழியில் போயின. எங்கள் ரயில்வே குவாட்டர்ஸ் இருந்த பக்கம். இடித்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் வரிசை எது, கடைசி வீடு எது என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை. தண்டவாள வேலியை வைத்துத்தான் கணக்குப் போட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் இப்போதும் ரயில் போகிறது. இந்தப் பக்கம் இருபது மாடி.

பின்வாசலில் லோங்காங் ஓடும். அந்தச் சாக்கடைத் தண்ணீரிலும் குட்டி மீன்கள் இருந்தன. நானும் பிரவினும் மைலோ டின்னில் பிடித்து வைப்போம். நல்ல தண்ணீர் ஊற்றினால் செத்துப்போயின. சாக்கடைத் தண்ணீரையே ஊற்றி வைத்தால் பிழைத்தன. பிரவின் அதை ஒரு பெரிய கண்டுபிடிப்பு போல எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். "அதுக்கு அதுதான் லா வீடு." அப்போது அவனுக்கு எட்டு வயது. இப்போது பெர்த்தில் இருக்கிறான்.

வேலியோரம் தொட்டாற்சுருங்கி இருந்தது. அதே இடத்தில் என்று சொல்ல ஆசை. தெரியாது. வேரோடு தோண்டி ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்துக்கொண்டேன். கோமுட்டர் ரயிலில் மடியில் வைத்திருந்தேன். ஒவ்வொரு நிலையத்திலும் குலுக்கலில் சுருங்கிக்கொண்டே வந்தது, பாவம்.

4 ஜூலை, வெள்ளி

செடிக்கு இன்று ஓய்வே இல்லை. பன்னிரண்டு பேரும் வரிசை பிடித்துத் தொட்டார்கள்.

லோஷினி: "வெக்கப்படுது டீச்சர்."

அஸ்வின்: "இல்ல லா. செத்த மாதிரி நடிக்குது. ஆடு வந்தா, ஐயய்யோ வாடிப்போச்சேன்னு போயிடும்."

நான் அதை இன்னும் சொல்லிக் கொடுக்கவே இல்லை. அவனாகச் சொன்னான். நான்கு வருடமாக ஆசிரியையாக இருக்கிறேன். இப்படி ஒரு காலை அமைந்ததில்லை.

8 ஜூலை, செவ்வாய்

பாலர் பள்ளி கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மண்டபத்தில் நடக்கிறது. மண்டபத்துக்கும் கோயிலுக்கும் நடுவில் கொஞ்சம் புல், ஒரு அரச மரம், அதன் அடியில் நாகர் சிலை. இன்று அந்தப் புல்தரையில் உல்லன் நூல் துண்டுகளைத் தூவினேன். பச்சை, பழுப்பு, சிவப்பு, மஞ்சள். அவை புழுக்கள். பிள்ளைகள் மைனாக்கள். விசில் அடித்ததும் பொறுக்க வேண்டும்.

சிவப்பும் மஞ்சளும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பச்சையில் பாதிகூடக் கிடைக்கவில்லை. "அப்ப நான் புழுவா பொறந்தா பச்சையா பொறப்பேன்" என்றாள் லோஷினி.

கோயில் வாசலில் பூ விற்கும் வீரம்மாக்கா எட்டிப் பார்த்தார். "என்ன புனிதா, புள்ளைங்கள மேய விட்டுட்டியா?"

அவருக்கு என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். குவாட்டர்ஸில் மூன்றாவது வரிசை. சாயங்காலம் தலையில் அலுமினியத் தட்டோடு வருவார். அம்மா வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு முழம் வாங்குவார். மற்ற நாள்களிலும் வீரம்மாக்கா எங்கள் வாசலில் நின்று ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். குவாட்டர்ஸ் போனபோது எல்லோரும் ஒவ்வொரு திசைக்குப் போனோம். அவர் செந்தூல் பிளாட்டுக்குப் போனார், பூக்கூடை மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. இந்தத் தெருவில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மிச்சம் இருப்பவர் அவர் ஒருவர்தான்.

9 ஜூலை, புதன்

காலையில் வாசலில் பெரிய சத்தம். வீரம்மாக்காவின் இடத்தில் மோட்டார் சைக்கிள் நிறுத்தப் போகிறார்களாம், அவரைப் பின் சந்துக்குப் போகச் சொல்கிறார் கோயில் தலைவர் கமலநாதன் அங்கிள். ஆடி வர இன்னும் எட்டு நாள்தான். பின் சந்தில் யார் பூ வாங்குவார்கள்?

"பதினேழு வருஷமா உக்காந்திருக்கேன். என்னைய தூக்கிப் போட்டுட்டு மோட்டார வைக்கிறியா? நல்லா இருப்பியாடா நீ? இந்த வாசல்ல ஒருத்தனும் நிம்மதியா நிக்க மாட்டீங்க!"

வீரம்மாக்கா மண்ணை அள்ளித் தூற்றினார். கூட்டம் வாயைப் பிளந்து பார்த்தது. நான் வழக்கம் போலச் சுவரோரமாக நடந்து உள்ளே போய்விட்டேன்.

10 ஜூலை, வியாழன்

இன்று மிக நல்ல நாள். எழுதி வைக்க வேண்டும்.

"இந்த அரச மரத்தடியில் ஒரு புதுப் பிராணி வாழணும். பூனை வந்தா தப்பிக்கணும். எப்படிப்பட்ட பிராணி? செய்ங்க." இதுதான் வேலை. உடம்புக்கு எலுமிச்சம்பழம். காலையில் வீரம்மாக்காவிடம் பன்னிரண்டு வாங்கினேன். நேற்றைய கோபம் இன்னும் ஆறாமல் இருந்தார். எதற்கு என்று கேட்கக்கூட இல்லை.

எலுமிச்சை யோசனை என்னுடையதில்லை, அப்பாவுடையது. குவாட்டர்ஸில் மின்சாரம் போகும் சாயங்காலங்களில் அப்பா எலுமிச்சம்பழத்தில் டூத்பிக் குத்தி, மிளகைக் கண்ணாக வைத்து முள்ளம்பன்றி செய்வார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அதன் நிழல் சுவரில் பெரிதாக ஆடும். பிரவின் அலறுவான். மின்சாரம் வந்துவிட்டால் எங்கள் இருவருக்கும் ஏமாற்றமாக இருக்கும்.

பிள்ளைகள் அப்பாவையும் மிஞ்சிவிட்டார்கள். லோஷினி உடம்பு முழுக்க முள் குத்தினாள், முப்பது குச்சிக்குக் குறையாது. அஸ்வின் தன் நெற்றியிலிருந்த விபூதியைத் தேய்த்துப் பார்த்தான். போதவில்லை. ஓடிப்போய்க் கோயில் தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளி வந்து பழம் முழுக்கப் பூசினான். "சிமெண்டு கலர் ஆயிடுச்சு டீச்சர். இனி பூனைக்குத் தெரியாது." குகன் எதிர்வழி. சிவப்பு நூலைச் சுற்றிச் சுற்றிக் கட்டினான். "இத பாத்தாலே வெசம்னு பயந்து ஓடிடும்." பயமுறுத்தும் நிறம்! ஆறு வயது! எல்லாவற்றுக்கும் மிளகுக் கண். எல்லாவற்றுக்கும் பெயர். குகனுடையது 'பாம்'.

மரத்தடியில் ஒளித்துவைத்துத் தேடினோம். ஒன்பது கிடைத்தன. அதற்குள் மழை. பெற்றோர் குடையோடு வந்து நின்றார்கள். "டீச்சர், இன்னும் மூணு!" என்று கத்தினான் அஸ்வின். விடு, அப்புறம் தேடலாம் என்றேன்.

11 ஜூலை, வெள்ளி

விடுப்பு. அம்மாவுக்குக் கண் பரிசோதனை, கிள்ளானிலேயே. அடுத்த மாதம் அறுவைச் சிகிச்சை இருக்கலாம். அம்மாவுக்குப் பயமில்லை, அப்பாவுக்குத்தான்.

13 ஜூலை, ஞாயிறு

பிரவின் வீடியோவில் வந்தான். எலுமிச்சை முள்ளம்பன்றி படத்தைக் காட்டினேன். திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து பார்த்தான். பிறகு, "அந்த நிழல் ஞாபகமிருக்கா புனி?" என்றான்.

இருக்கிறது. எனக்கு எல்லாமே ஞாபகமிருக்கிறது. அதுதான் என் தொல்லை.

14 ஜூலை, திங்கள்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் வாசலில் வீரம்மாக்கா இல்லை. கூடை இல்லை, குடை இல்லை. அந்த இடத்தைக் கழுவிவிட்டு மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தார்கள். உள்ளே உஷாராணி அக்கா, எங்கள் பாலர் பள்ளியை நடத்துபவர், கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"விஷயம் தெரியாதா உனக்கு? வெள்ளிக்கிழமை நாகர் பின்னாடி செய்வினை வச்சிருந்தது கண்டுபிடிச்சாங்க. மூணு எலுமிச்சம்பழம். ஒண்ணுல ஊசி மாதிரி குத்தி வச்சிருக்கு. ஒண்ணுல செவப்பு நூல். ஒண்ணுல சாம்பல். ரெண்டு ரெண்டு மொளகு வேற. கூட்டுற அம்மா மயக்கம் போட்டு விழுந்துட்டாங்க. குருக்கள் பரிகாரம் பண்ணி எல்லாத்தையும் எரிச்சாரு."

மூன்று. எங்களுக்குக் கிடைக்காத அந்த மூன்று.

"வீரம்மாதான். வேற யாரு? புதன்கிழமைதான மண்ணு வாரித் தூத்துனா. பழமும் அவ விக்கிற பழந்தான். தலைவரு இனிமே இந்தப் பக்கமே வரக்கூடாதுன்னுட்டாரு. ஆடி முடியட்டும், அதுக்கப்புறமும் கெடையாது. நம்ம புள்ளைங்களும் மரத்தடிக்குப் போகக் கூடாது. ஏன் புனிதா, மொகம் ஒரு மாதிரி இருக்கு?"

"தலைவலிக்கா."

தலைவலி! அதைத்தான் சொன்னேன். எனக்கு வாயில் வந்தது அதுதான்.

15 ஜூலை, செவ்வாய்

சொல்லவில்லை.

16 ஜூலை, புதன்

காரணங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. மண்டபம் கோயிலுடையது. தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் உஷாராணி அக்கா பன்னிரண்டு பிள்ளைகளையும் எங்கே கூட்டிக்கொண்டு போவார்? பரிகாரம் பண்ணிய குருக்கள் முகத்தில் எப்படி விழிப்பது? 'கோயில் விபூதியை எலுமிச்சையில் பூச விட்டியா' என்று பெற்றோர் கேட்டால்?

எல்லாம் நியாயமான காரணங்கள். உண்மையான காரணம் இவற்றில் ஒன்றும் இல்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதுதான். சின்ன வயதிலிருந்தே அது எனக்கு ஆகாது. யாராவது உற்றுப் பார்த்தால் உள்ளுக்குள் எல்லாம் மடிந்துகொள்ளும். செடி செய்தால் அழகாக இருக்கிறது. நான் செய்தால் இன்னொருத்தர் பிழைப்பு போகிறது.

நாளை ஆடி ஒன்று. வருடத்தில் அவருக்கு இருப்பதே இந்த ஒரு மாதம்தான்.

இன்று குகன் வேறு. "டீச்சர், பாம் எங்க? எப்பத் தேடுறது?" ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

17 ஜூலை, வியாழன்

பள்ளி முடிந்ததும் செந்தூல் போனேன். பிளாட் எண் தெரியாது. கீழே ரொட்டிக் கடையில் "பூக்கார வீரம்மாக்கா வீடு" என்றதும் கடைக்காரர் மூன்றாம் மாடியைக் காட்டினார்.

கதவு திறந்திருந்தது. தரையில் உட்கார்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருந்தார். விற்க இடமில்லாமல் எதற்குத் தொடுக்கிறார் என்று புரியவில்லை. கை சும்மா இருக்க முடியாது போலும். நிமிர்ந்து பார்த்தார்.

"வா. மூணு நாள் ஆச்சா உனக்கு?"

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"அக்கா, உங்களுக்கு…"

"பன்னெண்டு பழம் வாங்கினியே. ஊறுகாய்னு நெனச்சேன். அப்புறம் ஒரு பொடிசு செவப்பு நூலச் சுத்துன பழத்த எனக்குக் காட்டிட்டுதான் ஒளிக்கப் போச்சு. 'ஆன்டி, இது பாம், தொட்டா வெசம்'னுச்சு."

"அப்ப ஏன் நீங்க சொல்லல?"

"நான் சொன்னா? 'புள்ளைங்க மேல பழியப் போடுறா பாரு'ம்பான். சூனியக்காரி சொல்லுக்கு என்ன மதிப்பு? நீ சொல்லணும். நீ வருவேன்னு திங்கக்கிழமையே எதிர்பாத்தேன்."

என்ன பேசினேன் என்று நினைவில்லை. அழுதேன் என்பது மட்டும் தெரியும். எல்லாவற்றையும் சொன்னேன். விபூதி, பூனை, சிமெண்டு நிறம். அஸ்வின் ஓடிப்போய் ஒரு பிடி அள்ளி வந்தான் என்று சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார். பூ மடியிலிருந்து சிதறியது. "அந்தக் கமலநாதன் மூஞ்சி எப்படி இருந்துச்சு தெரியுமா? வெளக்கெண்ண குடிச்ச மாதிரி!" நானும் சிரித்தேன்.

உடனே நிறுத்திக்கொண்டார்.

"சிரிச்சதால மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத. உங்க வீட்ல எத்தன நாளு தண்ணி வாங்கிக் குடிச்சிருக்கேன். உங்கம்மா கையில குடிச்சவளப் போயி மூணு நாளு தெருவுல விட்டிருக்க."

"நாளைக்குச் சொல்றேன்கா."

"போயிச் சொல்லு. எங்கிட்ட என்ன சொல்ற?"

தண்ணீர் குடிக்கிறாயா என்று அவர் கேட்கவில்லை. குவாட்டர்ஸில் யார் வீட்டுக்குப் போனாலும் அதுதான் முதல் வார்த்தை.

18 ஜூலை, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. கோயில் நிரம்பி வழிந்தது. வேறு நாளைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். தேர்ந்தெடுத்தால் போக மாட்டேன் என்று தெரியும்.

முதலில் உஷாராணி அக்காவிடம் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஏன்டி, எலுமிச்சம்பழம்! கோயில்ல! வேற பழமே கெடைக்கலியா? ஒரு உருளக்கெழங்கு கெடைக்கலியா?" திட்டித் தீர்த்தார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நட, நானும் வரேன்" என்றார்.

ஆபீஸ் அறையில் கமலநாதன் அங்கிளும் குருக்களும் இன்னும் இரண்டு பேரும். வாசலில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் சொன்னேன். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. ஆனால் முழுவதும் சொன்னேன்.

தலைவர் நம்பவில்லை!

இதை நான் நினைத்தே பார்க்கவில்லை. திட்டுவார், வெளியே போகச் சொல்வார் என்றெல்லாம் பயந்தேன். நம்பமாட்டார் என்று நினைக்கவில்லை.

"டீச்சர், நீங்க நல்ல பொண்ணு. அந்தம்மா வந்து அழுதிருக்கும். பாவம் பாத்து சொல்றீங்க. ஆறு வயசுப் புள்ளைங்க செஞ்ச வேலையா அது? நானே என் கண்ணால பாத்தேன். அதப் பாத்ததும் எனக்கு ஒடம்பே புல்லரிச்சுப் போச்சு."

"சார், உண்மையாவே…"

"மிளகு எதுக்கும்மா? சொல்லுங்க. மிளகு வச்சுதான் கண்ண கட்டுவாங்க. குருக்களக் கேளுங்க."

குருக்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் உஷாராணி அக்கா வெளியே போனார். திரும்பி வரும்போது பின்னால் பன்னிரண்டு பேர், ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்த ரயில் வரிசையில். யாரும் எதையும் சொல்லித் தருவதற்கு முன் குகன் முன்னால் வந்து தலைவரை நிமிர்ந்து பார்த்தான்.

"அங்கிள், நீங்கதான் பாம எடுத்தீங்களா?"

"எது பாம்?"

"செவப்பு நூலு. கண்ணு மொளகு. ஒரு கண்ணு பெருசு, ஒரு கண்ணு சின்னது. குடுத்துடுங்க அங்கிள், அது என்னோடது."

தலைவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஒரு கண் பெரிது, ஒரு கண் சின்னது. அவர் அதைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறார்.

"என்னோடது முள்ளு," என்றாள் லோஷினி. "முப்பத்தி ரெண்டு. நான் எண்ணினேன்."

"எதுக்குடா விபூதி?" இது குருக்கள். முதல் முறையாக வாய் திறந்தார்.

"சிமெண்டு கலருக்கு," என்றான் அஸ்வின். "பூனை பாக்கக் கூடாதுல்ல."

குகன் விடவில்லை. "எங்க அங்கிள் பாம்?"

தலைவர் மெதுவாக, "எரிச்சாச்சுடா" என்றார்.

"ஏன்?"

"…பயமா இருந்துச்சு."

குகன் கொஞ்சம் யோசித்தான். பிறகு அவன் முகம் மலர்ந்ததே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எங்களிடம் திரும்பிக் கத்தினான். "டீச்சர்! பெரிய அங்கிளே பயந்துட்டாரு! பாம் ஜெயிச்சிருச்சு!"

வாசலில் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "மரத்தடிக்குப் புள்ளைங்கள இனிமே கொண்டு போகக் கூடாது" என்றார். சரி என்றேன். "விபூதி வெளையாட்டுச் சாமான் இல்ல." சரி என்றேன். "அந்தம்மாள வரச் சொல்லுங்க. பழைய எடத்துக்கே." அதைச் சொல்லும்போது மேசையில் ஏதோ காகிதத்தைத் தேடினார்.

மன்னிப்பு என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை.

20 ஜூலை, ஞாயிறு

அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டது இதுதான், "நான் செஞ்சப்ப யாரும் பயப்படலியே?"

அம்மா சமையலறையிலிருந்து, "அது நம்ம வீட்டுக்குள்ள இருந்துச்சு" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். அந்தச் சுவரையும் மெழுகுவர்த்தியையும் விட்டுவிட்டுப் பழத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

25 ஜூலை, வெள்ளி

இரண்டாம் ஆடி வெள்ளி. வீரம்மாக்கா வந்துவிட்டார். அதே இடம், அதே குடை. நிம்மதியாக இருந்தது, கிட்டே போகும் வரை.

யாரும் வாங்கவில்லை. பெண்கள் நேரே பார்த்தபடி கடந்து போனார்கள். எதிர்ப்பக்கக் கடையில் மூன்று வரிசை. ஒரு அம்மா சரத்தைக் கையில் எடுத்துவிட்டு, பக்கத்திலிருந்தவள் ஏதோ சொல்ல, "சில்லறை இல்லக்கா" என்று வைத்துவிட்டுப் போனார். சூனியம் என்ற சொல் தெரு முழுக்கப் போயிருக்கிறது. பாம் கதை ஆபீஸ் வாசலோடு நின்றுவிட்டது.

"உள்ள சொல்லிட்ட. இவங்ககிட்ட யாரு சொல்றது?" வீரம்மாக்கா என்னைப் பார்க்காமல்தான் கேட்டார்.

"நான் என்ன செய்யணும்க்கா?"

சாக்கை இழுத்துப் போட்டார். "உக்காரு."

உட்கார்ந்தேன். பிரிக்பீல்ட்ஸ் வீதியில், காலை ஆறே முக்காலுக்கு, கோயில் வாசலில், தரையில். எனக்குத் தெரிந்த ஒவ்வொருவரும் அந்த வழியாகத்தான் வந்தார்கள் என்று தோன்றியது. "டீச்சர், நீங்க எங்க இங்க?" கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். நான்தான் வாங்கினேன், என் பிள்ளைகள்தான் செய்தார்கள், நான்தான் தேடாமல் விட்டேன். பதினொரு முறை. ஐந்தாவது முறைக்குப் பிறகு குரல் நடுங்கவில்லை. அதைக் கவனித்தேன்.

இரண்டு முழம் விற்றது. ஒன்றை வாங்கியவர் லோஷினியின் அம்மா.

30 ஜூலை, புதன்

மரத்தடி இல்லை என்றதும் பிள்ளைகள் வாடிப்போவார்கள் என்று நினைத்தேன். இன்று மண்டபத்து டியூப்லைட்டில் ஒரு பல்லியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வால் பாதிதான் இருந்தது. புதிது முளைக்கிறது. தினமும் சுவரில் அடையாளம் போட்டு அளக்க வேண்டுமாம். பல்லி நாளை வருமா என்று கேட்டேன். "அதுக்கு இதுதான் வீடு டீச்சர்" என்றான் அஸ்வின்.

வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

1 ஆகஸ்ட், வெள்ளி

உட்கார்ந்தேன். ஆறு பேர்தான் கதை கேட்டார்கள். மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு தாத்தா சிரித்துக்கொண்டே கேட்டார், "நீதான் அந்த எலுமிச்ச டீச்சரா?" இனி இந்தத் தெருவில் அதுதான் என் பெயர் போலிருக்கிறது.

வீரம்மாக்கா அதிகம் பேசுவதில்லை. நாரை நீட்டி, "பிடி" என்பார். பிடித்துக்கொள்வேன். இன்று மட்டும் குவாட்டர்ஸ் மூன்றாவது வரிசை வீடுகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். முதல் வீடு யார், அடுத்தது யார். இரண்டு பெயரில் தடுமாறினார். நான் எடுத்துக் கொடுத்தேன். கடைசி வீடு வரை போய் முடிந்ததும் அடுத்த நாரை நீட்டினார்.

8 ஆகஸ்ட், வெள்ளி

ஏழு மணிக்குக் கமலநாதன் அங்கிள் வந்தார். "ரெண்டு மாலை. அம்மனுக்கு." வீரம்மாக்கா கேட்டது, "பெருசா சின்னதா?" அவர் சொன்னது, "பெருசு." வேறு பேச்சில்லை. வாசலில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். அவர் தெரிந்துதான் அந்த நேரத்துக்கு வந்திருக்க வேண்டும்.

அவர் போன பிறகு வீரம்மாக்கா பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "வெளக்கெண்ண" என்றார்.

15 ஆகஸ்ட், வெள்ளி

கடைசி ஆடி வெள்ளி. ரயில் தாமதம். ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது மணி ஏழு. வாசலை நெருங்கவே முடியவில்லை. வரிசை மிட்டாய்க் கடை வரை நின்றது. அதைப் பிளந்துகொண்டு உள்ளே போய், வழக்கமான சாக்கில் உட்கார்ந்து, நாரைக் கையில் எடுத்தேன்.

வீரம்மாக்கா ஒரு கையால் சில்லறை கொடுத்துக்கொண்டே மறு கையால் என் தோளைத் தள்ளினார்.

"எந்திரி எந்திரி. இங்க என்ன பண்ற? கூடைய வைக்க எடமில்ல."

எழுந்து நின்றேன். நான் இருந்த இடத்தில் மல்லிகைக் கூடையை இழுத்து வைத்தார். பின்னால் குனிந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, பார்க்காமலே என் பக்கம் நீட்டினார்.

"ஓடி வந்திருக்க. குடிச்சிட்டுப் போ. புள்ளைங்க வந்திருக்கும்."